வீட்டில் வலி பம்ப் வைக்கப் போகிறீர்களா? புற்றுநோயாளி உள்ள குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் புற்றுநோயாளி இருக்கிறார், வலி அடங்கவில்லை, “பட்டன் பம்ப் வைத்துப் பார்க்கலாம்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் இதைப் படியுங்கள். கையடக்கமான ஒரு கருவிக்குள் மார்பினோ ஃபென்டனிலோ, அதாவது வலுவான வலி மருந்து, இருக்கும். மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கடியிலோ ரத்தக்குழாயிலோ அது சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டுக்கொண்டிருக்கும். வலி ஏறும்போது நோயாளியே பட்டனை அழுத்திக் கூடுதல் டோஸ் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை அழுத்தினாலும் டாக்டர் வைத்த எல்லைக்கு மேல் போகாது.

என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். குடல் அடைத்துக்கொண்டு, விழுங்கிய மாத்திரையெல்லாம் வாந்தியில் வெளியே வந்த நிலையில் பம்ப் வைத்தோம். வலி அடங்கியது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் குடும்பமே அலைந்தது. பம்ப் ஒரு போன் அழைப்பில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குள் நிரப்ப மருந்து கிடைப்பதுதான் பாடாக இருந்தது. கருவியைப் பற்றி வாடகைக்குக் கொடுப்பவர்களே விளக்கிவிடுவார்கள்; அவர்கள் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் எண்கள் உங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காக மட்டும். டோஸை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. முதலில், பம்ப் தேவைதானா?

வாயால் விழுங்க முடிகிற பெரும்பாலான நோயாளிகளுக்குப் பம்ப் தேவைப்படாது. மாத்திரையே போதும். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த முறையும் அதைத்தான் சொல்கிறது: முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, ஆளுக்கேற்ற அளவில்.

“மார்பின் மாத்திரை கேட்கவில்லை” என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பாருங்கள். சாதாரண மார்பின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதை வலி வந்தபோது மட்டும் கொடுத்துவிட்டு, கேட்கவில்லை என்று சொன்னால் மருந்தின் மேல் தப்பில்லை. 12 மணி நேரம் தாங்கும் மாத்திரையும் இருக்கிறது; அதை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். இரண்டு வேளைக்கு நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸும் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்காக இருக்கும். சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வலியின் வகையையும் கவனியுங்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற சுரீர் வலி என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம். மார்பினோடு கேபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் ஒன்றைச் சேர்ப்பார்கள். எலும்பில் பரவிய வலிக்கு ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல பலன் தரும். கணையப் புற்றுநோயில் முதுகைத் துளைக்கும் வலிக்கு நரம்பு முடிச்சை மரக்கச் செய்யும் ஊசி உண்டு. இதெல்லாம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

பம்ப் அவசியமாகும் இடங்கள் இவை: குடல் அடைப்பு, நிற்காத வாந்தி, வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் விழுங்க முடியாமை, மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போயும் கட்டுப்படாத வலி, புரண்டு படுத்தாலே திடீரென்று உச்சிக்கு ஏறும் வலி.

நடுவில் இன்னொரு வழி ஃபென்டனில் பேட்ச். தோலில் ஒட்டினால் 72 மணி நேரம் வேலை செய்யும். விழுங்க முடியாதவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் நல்லது. ஆனால் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதனால் இன்றிரவு துடிக்கிற வலிக்கு அது உதவாது. மார்பின் வகை மருந்தே எடுத்திராத ஒருவருக்கு நேரடியாகப் பேட்ச் ஒட்டுவது ஆபத்து. ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும்.

நோயாளி குழப்பத்தில் இருக்கிறார், பட்டன் எதற்கென்று புரியவில்லை, விரலில் வலு இல்லை என்றால் பட்டன் பம்ப் அவருக்கு ஏற்றதல்ல. தொடர்ந்து ஒரே அளவில் மருந்து விடும் சிரிஞ்ச் பம்ப் வைத்து, கூடுதல் டோஸைப் பயிற்சி பெற்றவர் கொடுப்பதுதான் சரி.

2. பம்புக்கு முன்னால் மருந்து தரும் இடம்

சாதாரண மெடிக்கல் ஷாப்பில் மார்பின் கிடைக்காது. ஊரெல்லாம் சீட்டை நீட்டிக்கொண்டு அலைய வேண்டாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வந்த பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்பின், ஃபென்டனில் போன்றவற்றை வாங்கி வைத்துத் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். ஆக, போனை எடுத்ததும் கேட்க வேண்டியது இதுதான்: “உங்களிடம் மார்பின் வைத்துக்கொள்ள அங்கீகாரம் இருக்கிறதா? மாத்திரை மட்டுமா, ஊசி மருந்தும் இருக்கிறதா? வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்களா?”

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஊசி மார்பினை வார்டுக்குள் மட்டும் பயன்படுத்தி, வீட்டுக்குத் தராத ஆஸ்பத்திரிகள் உண்டு. நாங்கள் மாட்டியது அங்கேதான். பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பம்பை மாட்டி, பில்லையும் கட்டச் சொல்லிவிட்டு, வாசல் வரை வந்த பிறகு “ரீஃபில் நீங்களே ஏற்பாடு பண்ணிக்கோங்க” என்றார்கள். பம்பில் இரண்டு நாள் மருந்துகூட இல்லை.

எங்கே தேடுவது? சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூரில் சி.எம்.சி., புதுச்சேரியில் ஜிப்மர் ஆகியவற்றில் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை (பேலியேட்டிவ்) பிரிவுகள் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினர் பெயின் கிளினிக் நடத்துவார்கள், ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் “பேலியேட்டிவ் ஓ.பி.” அல்லது “பெயின் ஓ.பி.” என்று கேளுங்கள். கன்னியாகுமரி, தென்காசிப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டத்தில் இருக்கிறது: மண்டலப் புற்றுநோய் மையமும் பாலியம் இந்தியா என்ற ஆதரவு சிகிச்சை அமைப்பும் அங்கேதான். பாலியம் இந்தியாவின் இணையதளத்தில் மாநில வாரியாக மையங்களின் பட்டியலே இருக்கிறது. நான் முதலில் அதைப் பார்க்கச் சொல்வேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஆதரவு சிகிச்சை நர்ஸையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் கையாளத் தெரிந்தவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டாலும் புண்ணுக்குக் கட்டு, படுக்கைப்புண் கவனிப்பு ஆகியவற்றுக்குக் கை கொடுப்பார்.

3. கோப்பு

கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில் இவை எப்போதும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பயாப்சி ரிப்போர்ட், கடைசி ஸ்கேன், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி. இவை இல்லாமல் புது இடத்தில் மார்பின் எழுத மாட்டார்கள்.

அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை, முக்கியமாக கிரியேட்டினின். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்பினின் கழிவு உடம்பில் தங்கி மயக்கம், உடல் வெட்டி இழுப்பது எல்லாம் வரும். அப்படிப்பட்டவர்களுக்குப் பம்பில் ஃபென்டனில் போடுவார்கள்.

இப்போது எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியல். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சித்த, ஆயுர்வேத மருந்து எதையும் மறைக்காதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை மார்பினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம்.

நோயாளியின் ஆதார், மருந்து வாங்கப் போகிறவரின் ஆதார். நோயாளி நேரில் வர முடியாது என்றால், இவர் எனக்காக வாங்குவார் என்று நோயாளி கையெழுத்திட்ட கடிதம். ஒருவர் பெயருக்குப் பதில் இரண்டு பேர் பெயரை எழுதுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து நின்றுவிடக் கூடாது.

மருந்துச் சீட்டு. இதில்தான் பலர் திரும்பி வருகிறார்கள். மருந்தின் பெயர், ஆம்பூலின் (ஊசி மருந்து உள்ள சின்னக் குப்பி) வலு, மொத்த எண்ணிக்கை எண்ணிலும் எழுத்திலும், எத்தனை நாளுக்கு, தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன்பே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஃபார்மசி வரை போய்விட்டு முத்திரைக்காகத் திரும்பினால், டாக்டர் அதற்குள் அறுவை சிகிச்சை அரங்குக்குள் போயிருப்பார்.

கடைசியாக, டாக்டரின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: “இவர் புற்றுநோயாளி. வலிக்காக இன்ன மருந்தை இன்ன அளவில் பம்ப் வழியாகப் பெறுகிறார்.” பஸ், ரயில், விமானம், இரவு நேரப் போலீஸ் சோதனை எல்லாவற்றுக்கும் இதுதான் துணை. ஆஸ்பத்திரி உங்களுக்கென்று கொடுத்த மருந்தை, கொடுத்த அளவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமில்லை. சீட்டு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4. எந்த பம்ப், எவ்வளவு செலவு

மூன்று வகைதான் வீட்டுக்கு வரும்.

பலூன் பம்ப்: பிளாஸ்டிக் கூட்டுக்குள் பலூன். அது சுருங்கச் சுருங்க மருந்து போகும். பேட்டரி இல்லை, சத்தமில்லை. சிலவற்றில் பட்டனும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டியது. விலை ஆயிரக்கணக்கில், திரும்பத் திரும்ப. வேகத்தை மாற்ற முடியாது அல்லது சில நிலைகளுக்குள்தான் மாற்றலாம். சூடு ஏறினால் ஓட்டமும் ஏறும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை வீட்டில் இதை வைப்பதாக இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சிரிஞ்ச் பம்ப்: மருந்து நிரப்பிய சிரிஞ்சை மெதுவாகத் தள்ளும். வார்டில் பார்க்கும் பெரிய வகை கரன்டில் ஓடும். கட்டிலோடு இருப்பவருக்குச் சரி. சின்ன வகை பேட்டரியில் ஓடும், இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். வீட்டுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இதுவே போதும். வாடகைக்கு எளிதாகக் கிடைப்பதும் இதுதான்.

எலக்ட்ரானிக் பட்டன் பம்ப்: எல்லா எண்ணையும் தனித்தனியாகப் பதியலாம், எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற கணக்கும் இருக்கும். விலை லட்சத்தைத் தாண்டும். வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள், அல்லது ஆதரவு சிகிச்சை மையத்தில் இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். சில அறக்கட்டளைகள் நோயாளியிடம் காசே வாங்காமல் கொடுக்கின்றன.

முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்தும், உடம்புக்குள்ளேயே பதிக்கும் பம்பும் உண்டு. பல லட்சம் ஆகும், அறுவை சிகிச்சையும் வேண்டும். ஆயுள் சில வாரங்கள் என்று தெரிந்த நிலையில் யாராவது அதைப் பரிந்துரைத்தால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மார்பின் மலிவு. மாத்திரையும் ஆம்பூலும் சில ரூபாய், சில பத்து ரூபாய்க் கணக்குதான். அரசு, அறக்கட்டளை மையங்களில் பெரும்பாலும் இலவசம். பணம் கரைவது வேறு வழிகளில்: பம்ப் வாடகை, அதற்கான வைப்புத்தொகை, அந்த பம்புக்கே உரிய குழாயும் மருந்துப் பையும், நர்ஸ் வருகைக் கட்டணம், வண்டி வாடகை. வாடகைக்காரர் நாள் வாடகையைக் குறைத்துச் சொல்லிக் குழாய் செட்டில் பிடித்துவிடுவார். ஆகவே “ஒரு வாரத்துக்கு எல்லாம் சேர்த்து என்ன ஆகும்?” என்று கேட்டு, அதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக்குள் நடப்பதற்கு எது பொருந்தும் என்று காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள். வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் பம்ப் சொந்தச் செலவுதான் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள், வந்தால் லாபம்.

5. நான்கு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பம்புக்குள் டாக்டர் பதிவது நான்கு எண்கள். நோட்டில் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்.

தொடர் அளவு: மணிக்கு எத்தனை மில்லிகிராம் தானாகப் போகிறது.
பட்டன் அளவு: ஒரு அழுத்தலுக்கு எவ்வளவு.
பூட்டு நேரம்: ஒரு டோஸ் போன பிறகு எத்தனை நிமிடத்துக்குப் பட்டன் வேலை செய்யாது. ரத்தக்குழாய் வழி என்றால் 5 முதல் 10 நிமிடம், தோலடி என்றால் 15 முதல் 30 நிமிடம் வைப்பது வழக்கம். தோலடியில் மருந்து ஏற நேரம் பிடிக்கும் என்பதால் இந்த வித்தியாசம்.
உச்ச எல்லை: ஒரு மணி நேரத்தில் அல்லது நான்கு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவுக்கு மேல் போகாது.

மாத்திரையிலிருந்து மாறும்போது எண் குறையும், பயப்பட வேண்டாம். வாய்வழி 60 மி.கி. எடுத்தவருக்குத் தோலடியில் 20 முதல் 30 மி.கி. போதும். கல்லீரல் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்துக்குள் சேர்வதால் அப்படி.

இங்கே ஒரு பெரிய பொறி. நம் நாட்டில் மார்பின் ஊசி ஒரு மில்லிக்கு 10 மி.கி. உள்ள ஆம்பூலாகவும் வரும், 15 மி.கி. உள்ளதாகவும் வரும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். போன வாரம் 10, இந்த வாரம் 15 என்று ஃபார்மசியில் மாற்றிக் கொடுத்திருக்க, பழைய கணக்கிலேயே நிரப்பினால் ஒன்றரை மடங்கு மருந்து போகும். ஒவ்வொரு தடவையும் ஆம்பூல் மேல் இருக்கும் எழுத்தை இரண்டு பேர் சத்தமாகப் படியுங்கள். பையிலோ சிரிஞ்சிலோ பிளாஸ்திரி ஒட்டி மருந்து, மொத்த மி.கி., மொத்த மில்லி, நிரப்பிய தேதி, நேரம் எழுதுங்கள்.

6. ஒரு இரவாவது வார்டில்

பம்ப் மாட்டிய அன்றே வீட்டுக்குப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு பகலும் ஒரு இரவும் அங்கேயே இருந்து அளவு சரிப்படட்டும். நர்ஸ் சொல்லித்தருவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுத்தான். அவர் செய்வதைப் பார்த்தால் மட்டும் போதாது. பேட்டரி மாற்றுவது, அலாரத்தை நிறுத்துவது, பம்பை நிறுத்துவது இந்த மூன்றையும் அவர் கண்முன்னே நீங்களே செய்து காட்டுங்கள்.

அங்கேயே கேட்டு வாங்க வேண்டியவை: இரவில் அழைக்க ஒரு நம்பர் (வரவேற்பு நம்பர் வேண்டாம், டூட்டி டாக்டர் இருக்கும் வார்டு நம்பர்), பம்ப் நின்றுவிட்டால் கொடுக்க ஒரு மாற்று மருந்து, எழுத்தில், மலச்சிக்கல் மருந்து, வாந்தி மருந்து.

மலச்சிக்கலை லேசாக எடுக்காதீர்கள். மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மார்பின் இருக்கும் வரை இருக்கும். அதனால் முதல் நாளே பைசகோடில், சென்னா போன்ற மலமிளக்கி தொடங்க வேண்டும். வாழைப்பழமும் கொய்யாவும் இதற்குப் போதாது. குடல் அடைப்பு இருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மலமிளக்கி எதையும் தொடக் கூடாது.

7. பட்டன் நோயாளியுடையது

வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். பட்டனை நோயாளியைத் தவிர யாரும் அழுத்தக் கூடாது. அம்மா அழுத்தக் கூடாது, கணவர் அழுத்தக் கூடாது, பார்க்க வந்த பெரியப்பா அழுத்தவே கூடாது.

இந்தக் கருவியின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. மருந்து அதிகமானால் தூக்கம் வரும், தூங்குபவர் பட்டனை அழுத்த மாட்டார், மருந்து தானாகக் குறையும். “பாவம், தூக்கத்துல முனகுறா” என்று இன்னொருவர் அழுத்தினால் அந்தத் தடுப்பு போய்விடும். மூச்சு நின்றுபோகும் அளவுக்கு விபரீதமாகலாம். அக்காவின் பட்டன் வயரை நைட்டியின் தோள்பட்டையில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தோம், தேடாமல் கைக்கு வரும்படி. பட்டன் மேல் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்திரியில் “அக்கா மட்டும்” என்று மார்க்கரில் எழுதியதும் அவளேதான். தூக்கத்தில் முகம் சுளித்தால் எங்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுப்பி, “வலிக்குதா அக்கா? நீயே அழுத்திக்கோ” என்போம். அவ்வளவுதான் செய்யலாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: அழுத்தவே தயங்குபவர்கள். “அடிமையாயிடுவேன்”, “இப்பவே போட்டுட்டா கடைசில வேலை செய்யாது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் எடுக்கும் மார்பினில் அந்த மாதிரி அடிமைத்தனம் அரிது. வலி கூடினால் அளவைக் கூட்ட இடமும் இருக்கிறது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது மட்டும் உண்மை, ஆகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. குளிக்கும் முன், கட்டு மாற்றும் முன், வண்டியில் ஏறும் முன் அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு இறக்குவது கஷ்டம்.

8. தினசரி வேலை

ஒரு நோட்டு, ஒரு பேனா, பம்ப் பக்கத்திலேயே கயிறு கட்டி. காலை, மாலை இரண்டு வேளையும் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, படுத்திருக்கும்போது எத்தனை, புரளும்போது எத்தனை, மருந்து எவ்வளவு மீதி, மலம் போனதா, தூக்கம் எப்படி. எண் சொல்லத் தெரியாத பாட்டி என்றால் ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். ரூபாய்க்கு எத்தனை அணா வலி என்றால் பளிச்சென்று சொல்லிவிடுவார்.

எலக்ட்ரானிக் பம்பில் இரண்டு கணக்கு இருக்கும்: எத்தனை முறை அழுத்தினார், எத்தனை முறை மருந்து போனது. 24 மணி நேரத்தில் 30 முறை அழுத்தி 10 முறைதான் மருந்து போயிருக்கிறது என்றால் அளவு போதவில்லை, அல்லது பட்டன் எப்படி வேலை செய்கிறதென்று அவருக்குப் புரியவில்லை. அந்த இரண்டு எண்ணையும் போனில் சொல்லுங்கள். “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதைவிட அதற்கு உடனே பதில் வரும்.

ஊசி குத்திய இடத்தைத் தினமும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கசிவு, தொட்டால் கல் மாதிரி இருந்தால் இடம் மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் தோலடி ஊசியைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மேல்மார்பு, மேல்கை, வயிறு, தொடை என்று இடம் மாறும். நீர் கோத்து வீங்கிய காலில் குத்த விடாதீர்கள், மருந்து சரியாக உள்ளே சேராது. கீமோ போர்ட் (கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த குழாய்) வழியாகப் போகிறதென்றால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அலாரம் அடித்தால் முதலில் குழாயைப் பாருங்கள். திரையில் “அக்லூஷன்” என்று வந்தால் அடைப்பு. பத்தில் எட்டு தடவை நோயாளி குழாய் மேல் படுத்திருப்பார், அல்லது கிளிப் மூடியிருக்கும். மாற்றுப் பேட்டரி எப்போதும் இரண்டு செட் இருக்கட்டும். கரன்டில் ஓடும் பம்ப் என்றால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்பே தெரிந்துகொண்டு, பேட்டரியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

9. எப்போது பம்பை நிறுத்தி ஓட வேண்டும்

கூப்பிட்டாலும் தட்டினாலும் சரியாக எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே, அல்லது இடையிடையே நின்று நின்று வருகிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம். இவற்றைக் கண்டால் பம்பை நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள், வார்டு நம்பருக்கும் சொல்லுங்கள். என்ன மருந்து என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மார்பினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து உண்டு. அவர்கள் அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.

கடைசி நாட்களில் வரும் மூச்சு மாற்றம் வேறு. நோய் முற்றிய நிலையில் என்ன செய்வது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அவரையும் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசி முடிவெடுத்து எழுதி வாங்கிவிடுங்கள். நள்ளிரவில் நான்கு சொந்தக்காரர்கள் நான்கு விதமாகச் சொல்லும்போது அந்தக் காகிதம் இல்லாமல் சமாளிக்க முடியாது.

10. மருந்து தீரும் முன்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. கணக்கு இப்படி: மணிக்கு 1 மி.கி. தொடர் அளவு என்றால் நாளுக்கு 24. பட்டனில் சராசரியாக 8 என்றால் மொத்தம் 32. ஏழு நாளுக்கு 224 மி.கி. 15 மி.கி. ஆம்பூல் என்றால் 15 வேண்டும். குழாயை நிரப்பவே கொஞ்சம் போகும், வலி கூடினால் இன்னும் போகும். ஆகவே ஒன்றிரண்டு கூடுதலாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்று நாள் மருந்து மீதி இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். பெயின் ஓ.பி. வாரத்தில் சில நாள்தான் நடக்கும் இடங்கள் உண்டு. ஃபார்மசியில் இந்த மருந்து தனிப் பூட்டுக்குள், தனிப் பதிவேட்டோடு இருக்கும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள். பொங்கல், தீபாவளி, ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்த அரசு விடுமுறை இவற்றை மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு முந்தைய வாரம் கூடுதலாகக் கேளுங்கள். இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் சண்டை போட்டுப் பயனில்லை. “இருக்கும் வேறு எந்த மருந்துக்கு மாற்றலாம், எந்த அளவில்?” என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். காலி ஆம்பூல்களைத் திருப்பிக் கேட்கும் இடங்களும் உண்டு, குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

வீட்டில் மருந்தைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. வந்து போகும் எல்லோருக்கும் வீட்டில் மார்பின் இருக்கிறதென்று சொல்ல வேண்டியதும் இல்லை.

11. முடிந்த பிறகு

பம்ப் கழற்றும் நாள் வந்ததும் மீதி மருந்தை எண்ணி, வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வலியால் துடிக்கும் இன்னொருவருக்கு என்றாலும் கொடுக்கக் கூடாது. சட்டப்படியும் தப்பு, அந்த அளவு அவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். பயன்படுத்திய பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து அதோடு சேர்த்துக் கொடுங்கள். அதில் மருந்து மிச்சம் இருக்கும்.

பம்பைத் திருப்பும்போது சார்ஜர், சாவி, உறை எல்லாம் சேர்த்து போட்டோ எடுத்துவிட்டு ஒப்படையுங்கள். துக்க வீட்டில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது வாடகைக்காரர்களுக்குத் தெரியும். நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த அன்றே ஒரு செய்தி அனுப்பி வாடகையை நிறுத்தச் சொல்லும் பொறுப்பைக் குடும்பத்துக்கு வெளியே ஒரு நண்பரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். வைப்புத்தொகை ரசீதும் அவரிடமே இருக்கட்டும்.